ஐசியூ வாசலில் கையெழுத்துப் போடுமுன்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு

2022 நவம்பரில் ஒரு ராத்திரி, ராயக்கோட்டையைத் தாண்டி பாலக்கோட்டுக்கு வரும் ரோட்டில், ஓடுகிற ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்து அப்பாவுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தேன். வாய்க்குழாயில் மாட்டிய ரப்பர் பை. "அஞ்சு எண்ணி ஒரு அமுக்கு அமுக்குங்கக்கா, எனக்குக் கை மரத்துப்போச்சு" என்று கூட வந்த பையன் என் கையில் கொடுத்துவிட்டான். வீடு வந்தது. திண்ணையில் பாய் விரித்து வைத்திருந்தார்கள். அப்பாவை இறக்கிப் படுக்கவைத்த பிறகு அந்தப் பையன் மெதுவாகக் கேட்டான்: "எடுத்துடலாமாக்கா?" டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, மூச்சு திணறினால் கொடுக்க ஒரு மருந்தில்லை. கூடியிருந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையசைத்தேன். அதற்குப் பிறகு இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடம் அப்பா பட்ட பாட்டை எழுத எனக்கு மனசு வரவில்லை.

2025-ல் பெரியம்மாவுக்காக அதே மாதிரி ஒரு முடிவை எடுக்க வேண்டி வந்தது. பெரியம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே, வலி தெரியாமல் இருக்க மருந்து ஓடிக்கொண்டிருக்க, மகள் கையைப் பிடித்தபடி போனார். இரண்டு பேரையும் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் இரண்டாவது தடவை யாரிடம் என்ன கேட்பது, எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பிழைக்க வழியிருக்கிற ஒருவருக்குச் சிகிச்சையை நிறுத்தும் வழி இது அல்ல. ஊசி போட்டு உயிரை எடுப்பது நம் நாட்டில் குற்றம். இனி தேறமாட்டார் என்று மருத்துவம் உறுதியாகச் சொல்லும் நிலையில், மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் மெஷினும் மருந்தும் மட்டுமே தாங்கிப் பிடிக்கிற நிலையில், அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று உங்களிடம் கேட்கப்படுமே, அந்த நேரத்துக்கானது இது.

1. முதல் மூன்று நாளில் ஒரு நோட்டு வாங்குங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், யார் சொன்னார், என்ன சொன்னார். ஐசியூவில் டாக்டர் காலையில் ஒருவர், ராத்திரி ஒருவர் என்று மாறுவார்கள். ஒருவர் "பார்க்கலாம்" என்பார், இன்னொருவர் "கஷ்டம்தான்" என்பார். வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு மாதிரி சொல்லும்போது சண்டை வருவது இங்கேதான். முதலில் இதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இவருக்குப் பொறுப்பான டாக்டர் யார், குடும்பத்தோடு எத்தனை மணிக்குப் பேசுவார்.

அவரிடம் கேட்க வேண்டியவை:

"என்ன நோய், இப்போது எந்தெந்த உறுப்பு தானாக வேலை செய்கிறது?"

"இந்த வென்டிலேட்டர் நோயைக் குணமாக்கவா, நோய் குணமாகும்வரை தாங்கிப் பிடிக்கவா? குணமாகும் என்று நினைக்கிறீர்களா?"

"ரொம்ப நல்லபடியாக நடந்தால் எப்படி இருப்பார்? எழுந்து நடப்பாரா, எங்களை அடையாளம் தெரியுமா, தானாகச் சாப்பிடுவாரா?"

"உங்கள் சொந்த அப்பாவாக இருந்தால் என்ன செய்வீர்கள்?"

கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். அப்பா விஷயத்தில் நான் அதைப் பதினாறாம் நாள்தான் கேட்டேன். அதுவரை "காப்பாத்திடுவீங்களா டாக்டர்" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு எந்த டாக்டரும் "எங்களால் ஆனதைச் செய்கிறோம்" என்றுதான் பதில் சொல்ல முடியும்.

இன்னொன்றும் கேளுங்கள்: "ஐந்து நாள் முழுச் சிகிச்சை கொடுத்துப் பார்ப்போம். எதெது தேறினால் தொடரலாம், எதெது மோசமானால் மறுபடி உட்கார்ந்து பேசலாம்?" இப்படித் தேதி குறித்துக்கொண்டு தொடங்குவது டாக்டர்களும் ஒப்புக்கொள்கிற முறைதான். தேதி குறிக்காமல் விட்டால் ஒவ்வொரு நாளும் "இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்" என்றே ஓடும்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. "டியூப் போட்டாச்சு, இனி எடுக்கக் கூடாது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கிடையாது. போடாமல் விடுவதற்கும் போட்டதை எடுப்பதற்கும் சட்டத்தில் வழிமுறை ஒன்றேதான். எடுக்க முடியாது என்ற பயத்தில் போடவே விடாமல் தடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் பிழைக்கக்கூடியவரை இழந்துவிடுவோம்.

2. கோமாவா, மூளைச்சாவா?

வெளியே உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். நீங்கள் டாக்டரிடம் தெளிவாகக் கேளுங்கள்.

கோமாவில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார். சிலர் தேறுவார்கள், சிலர் தேறமாட்டார்கள். மூளைச்சாவு என்பது மூளைத்தண்டே நிரந்தரமாக நின்றுபோவது, அதிலிருந்து யாரும் திரும்பியதில்லை. அதை ஒரு டாக்டர் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். தொப்பூர் கணவாயில் அடிபட்டு வருகிறவர்களின் குடும்பத்தார் பலர் இந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்பது ஐசியூ வாசலில்தான். உறுப்பு தானம் பற்றியும் அப்போது கேட்பார்கள். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை, தானத்துக்கான செலவு குடும்பத்தின் தலையில் விழாது. 2023 செப்டம்பரிலிருந்து தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது.

நோயாளிக்கு நினைவு இருக்கிறதா? அப்படியென்றால் முடிவு அவருடையது. 18 வயது நிறைந்த, புத்தி தெளிவாக உள்ள ஒருவர் "எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம்" என்றால் அதை மீறிச் சிகிச்சை தர முடியாது. நம் வீடுகளில் "அவருக்குச் சொல்லாதீங்க டாக்டர், தாங்கமாட்டார்" என்று மறைக்கிறோம். பெரியம்மாவிடம் நாங்களும் மூன்று வாரம் மறைத்தோம். ஒரு நாள் காலையில் கஞ்சித் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா கண்ணு?" என்றார். அவர் வாயால் எல்லாவற்றையும் சொல்ல அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்தது பதினொரு நாள்தான்.

3. வீட்டில் யார் பேசுவது என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள்

மனைவியோ கணவரோ, 18 வயது நிறைந்த பிள்ளைகள், அப்பா அம்மா. இவர்கள்தான் பேச வேண்டியவர்கள். பங்காளி, சம்பந்தி, ஊர்ப் பெரியவர் எல்லோரும் அன்போடுதான் வருவார்கள், ஆனால் கையெழுத்து அவர்களுடையது இல்லை. மகள் இருக்கும்போது "பையன் வரட்டும்" என்று காத்திருக்க வைப்பதையும் பார்த்திருக்கிறேன். சட்டம் மகளையும் மகனையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

டாக்டரோடு பேச ஒருவர், கூட உட்கார்ந்து எழுத ஒருவர். அன்று ராத்திரியே மற்ற எல்லோருக்கும் ஒரே செய்தி. வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போட்டுவிட்டால் படிக்கத் தெரியாத பெரியவர்களும் கேட்டுக்கொள்வார்கள்.

பேசும்போது "நாம என்ன செய்யலாம்?" என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் "விட்டுடலாம்" என்கிற பழியைச் சுமக்க யாரும் வாய் திறக்கமாட்டார்கள். "அவரு இதைப் பத்தி எப்பவாவது என்ன சொல்லியிருக்காரு?" என்று கேளுங்கள். அப்பா சொல்லியிருந்தார். பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்று, களத்தில் தக்காளிக் கூடைக்குச் சணல் கட்டிக்கொண்டே, "என்னை இப்படி ஒயரு மாட்டிக் கெடத்தாதீங்க" என்றார். எனக்கும் தம்பிக்கும் அது நன்றாக ஞாபகம் இருந்தது. பதினேழு நாளும் இரண்டு பேரும் அதை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அப்பாவின் இரண்டு மணிக்கட்டையும் காஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள், குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று. அந்தத் துணி அவர் கையில் பதிந்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டே நாங்கள் வேறு எதையெதையோ பேசினோம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளை வந்து இறங்கியதும் "எல்லாத்தையும் செய்யுங்க" என்று பிடிவாதம் பிடிப்பது பல வீட்டில் நடக்கும். அவர்மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் பத்து நாளாகப் பார்த்ததை அவர் அன்றுதான் பார்க்கிறார். நோட்டை அவர் கையில் கொடுங்கள், டாக்டரோடு தனியாகப் பேச வையுங்கள், ஒரு நாள் டைம் கொடுங்கள்.

4. பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள்

தனியார் ஐசியூவில் எங்களுக்குப் பதினேழு நாளுக்கு 9 லட்சத்து 40 ஆயிரம் ஆயிற்று. நகை போயிற்று, அரை ஏக்கர் அடமானம் போயிற்று. காசுக்காக அப்பாவை விட்டுவிட்டோம் என்ற எண்ணமும், காசைக் கொட்டி அவரை வதைத்தோம் என்ற எண்ணமும் இன்றுவரை மாறி மாறி வருகிறது. அதனால் சொல்கிறேன், பணப்பேச்சை மருத்துவப் பேச்சோடு கலக்காதீர்கள். முதலில் "தேறுவாரா" என்று கேளுங்கள். பில் கவுன்டருக்குப் பிறகு போங்கள்.

சேர்க்கும்போதே முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ தரும் வருமானச் சான்று வேண்டும். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993. எல்லா ஆஸ்பத்திரியும் திட்டத்தில் இல்லை, எல்லாச் சிகிச்சையும் பட்டியலில் இல்லை. சேர்க்குமுன் ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரத்துக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தனியாக உண்டு. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் செல்லும்.

வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்க நினைத்தால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், காகிதம் போனால் போதும். சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. அதையும் ஸ்கேன் சிடியையும் எடுத்துக்கொண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சேலத்திலோ ஒரு மூத்த டாக்டரைப் பாருங்கள்.

5. "சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போகிறோம்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் தீரும் கட்டத்தில், அல்லது டாக்டருக்கே நம்பிக்கை போன பிறகு, "வீட்டுக்குக் கொண்டு போறதுன்னா போங்க" என்று சொல்வார்கள். ஒரு அச்சடித்த தாள் வரும். அதில் டாக்டரின் ஆலோசனையை மீறி நீங்களாகவே கூட்டிப் போவதாக இருக்கும். அந்தத் தாளில் எழுதியிருப்பது உண்மையில் நடந்ததற்கு நேர்மாறு. உங்களை அனுப்பியவர்கள் அவர்கள், ஆனால் ஏட்டில் நீங்கள் பிடிவாதமாகப் போனதாகப் பதிவாகும். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு வலி மருந்துச் சீட்டு இருக்காது, இறந்தால் என்ன காரணத்தால் இறந்தார் என்று சான்றளிக்க யாரும் இருக்கமாட்டார்கள், ரப்பர் பையை எடுப்பது யார் என்ற கேள்வி மகள் தலையிலோ மகன் தலையிலோ விழும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

"மூச்சு இருக்கும்போதே வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்துடணும்" என்கிற நம் பக்கத்து ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. அதற்கும் வழி இருக்கிறது. டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "கடைசி நாளை வீட்டில் கழிக்க விரும்புகிறோம். முறையான டிஸ்சார்ஜ் சம்மரி, வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஏற்பாடு எல்லாம் செய்து அனுப்புங்கள்." வென்டிலேட்டர் இல்லாமல் தானாக மூச்சு விடுபவருக்கு இது முழுக்க முடிகிற காரியம். 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான், 2021 ஆகஸ்ட் 5-ல். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை தருவது அதில் ஒரு பகுதி. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும், கட்டணம் கிடையாது. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே பதிந்துவிடுங்கள்.

விபத்து, விஷம், தீக்காயம் போன்ற போலீஸ் கேஸ் என்றால் எக்காரணம் கொண்டும் இப்படி வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். பிரேதப் பரிசோதனை இல்லாமல் போனால் விபத்து இழப்பீடும் இன்சூரன்ஸும் கைக்கு வருவது கஷ்டம், ஸ்டேஷனுக்கும் அலைய வேண்டி வரும்.

6. 'நெஞ்சை அழுத்த வேண்டாம்' என்கிற தாள்

வென்டிலேட்டரை நிறுத்துவது வேறு, இதயம் நின்றால் மறுபடி ஓட வைக்க முயல வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவு செய்வது வேறு. இரண்டாவதை டிஎன்ஆர் என்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-ல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. டாக்டர் உங்களோடு பேசி, கேஸ் ஷீட்டில் பதிந்து கையெழுத்திட வேண்டும். இதைக் கொடுத்தால் மற்ற சிகிச்சையைக் குறைத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். ஆன்டிபயாட்டிக், ஆக்சிஜன், உணவு, வலி மருந்து எல்லாம் அப்படியே தொடர வேண்டும். எலும்பு தேய்ந்த எண்பது வயதுக்காரருக்கு நெஞ்சை அழுத்தும்போது விலா எலும்பு முறிவது சகஜம். அது தெரிந்தபின் முடிவு செய்யுங்கள்.

7. சட்டப்படி நிறுத்துவதற்கான படிகள்

உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அப்போது வகுத்த விதிகள் நடைமுறைக்கு ஒத்துவராததால் 2023 ஜனவரி 24-ல் எளிதாக்கியது. இன்றைக்கு நடக்க வேண்டிய வரிசை இது.

முதலில் ஆஸ்பத்திரி ஒரு முதல்நிலை மருத்துவ வாரியம் அமைக்கும். சிகிச்சை தரும் டாக்டரும், அந்தத் துறையில் ஐந்து ஆண்டாவது அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் இருப்பார்கள். கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும்.

அவர்கள் "தொடர்வதில் பயனில்லை" என்றால் குடும்பத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். நோயாளி முன்பே விருப்ப ஆவணம் (10-ம் பகுதியில் விவரம்) எழுதியிருந்தால் அதில் பெயர் குறிப்பிட்டவர்களின் சம்மதம்.

அடுத்தது இரண்டாம் நிலை வாரியம். முதல் வாரியத்தில் இல்லாத இரண்டு நிபுணர்கள், மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒரு டாக்டர். இதற்கும் 48 மணி நேரம்தான் இலக்கு. இங்கேதான் வண்டி நிற்கும். தீர்ப்பில் சொல்லும் பெயரில் நம் மாநிலத்தில் பதவி இல்லை. மாவட்ட அளவில் அந்த நிலையில் இருப்பவர் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர். பெரியம்மா விஷயத்தில் ஆஸ்பத்திரியின் கடிதம் அந்த அலுவலகத்துக்குத்தான் போயிற்று, நியமனம் வர மூன்று நாள் ஆயிற்று. முதல் வாரியம் கூடும் அன்றே "நியமனக் கடிதத்துக்கும் எழுதிவிடுங்கள்" என்று ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் சொல்லுங்கள். கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, வீட்டில் ஒருவர் நேரில் போய்த் தொடருங்கள்.

இரண்டு வாரியமும் ஒத்துப்போனால், நிறுத்துமுன் ஆஸ்பத்திரி அந்த எல்லைக்குட்பட்ட நீதித்துறை நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) தகவல் அனுப்ப வேண்டும். இது அனுமதி கேட்பது அல்ல, தகவல் மட்டும்தான். "கோர்ட்டு ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்று ஒரு குமாஸ்தா எங்களைத் திருப்பியனுப்பப் பார்த்தார். தீர்ப்பின் அந்தப் பத்தியைப் பிரின்ட் எடுத்துக் காட்டிய பிறகுதான் கடிதம் போயிற்று. பிரின்ட் கையில் இருக்கட்டும்.

எங்களிடம் கேட்ட காகிதங்கள்: நோயாளியின் ஆதார், உறவு தெரியும் ரேஷன் கார்டு, சம்மதம் தருபவர்களின் ஆதார், ஸ்கேன், பயாப்ஸி அறிக்கைகள், சம்மதக் கடிதம். எல்லாவற்றிலும் ஐந்து நகல். ஜெராக்ஸுக்கு 160 ரூபாய். வாரியத்துக்கென்று தனிக் கட்டணம் எங்களிடம் வாங்கவில்லை, ஆனால் இதெல்லாம் முடிய ஆன ஆறு நாளுக்கும் ஐசியூ பில் ஓடியது. முன்கூட்டித் தொடங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

வாரியம் மறுத்தால், அல்லது உங்களுக்கும் வாரியத்துக்கும் ஒத்துவராவிட்டால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். இரண்டு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும். நமக்குச் சென்னைக்குப் போக வேண்டும்.

ஓசூர்ப் பக்கத்தவர்கள் பெரும்பாலும் பெங்களூருக்குத்தான் ஓடுவீர்கள். அங்கே நடக்கும் சிகிச்சைக்கு அந்த ஊர் நடுவர், அந்த மாவட்ட சுகாதார அதிகாரி. கர்நாடக அரசு 2025 ஜனவரி 30-ல் இந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது, இரண்டாம் வாரியத்துக்கு யாரை நியமிக்கலாம் என்பதும் அதில் உண்டு. அங்குள்ள ஆஸ்பத்திரியில் அந்தச் சுற்றறிக்கையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

8. நிறுத்தும் நாள்

நேரத்தை நீங்கள் சொல்லலாம். மகன் வந்து சேரட்டும் என்றால் காத்திருப்பார்கள். அதற்கு முன்பே டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்: குழாயை எடுக்குமுன் வலி, பதற்றம், மூச்சுத் திணறல் இவற்றுக்கு மார்பின் போன்ற மருந்து தொடங்கிவிடுவார்களா? மானிட்டர் சத்தத்தை அணைப்பார்களா? யார் யார் உள்ளே இருக்கலாம்? மார்பின் வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் அளவறிந்து கொடுக்கும் மருந்து. அதைக் கொடுத்துக் கொல்வதாக யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

எடுத்ததும் உடனே உயிர் போகும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். சிலருக்கு நிமிடங்கள், சிலருக்கு ஒன்றிரண்டு நாள். பெரியம்மாவுக்கு ஒன்பது மணி நேரம். அக்கா ஈரப் பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். திருநீறு பூசவும் துளசித் தீர்த்தத்தை உதட்டில் தொட்டு வைக்கவும் நர்ஸ் விட்டார். கேட்டால் விடுவார்கள். ஜெபம், யாசீன் ஓதுவது எதுவானாலும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

9. அதற்குப் பிறகான காகிதம்

ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவை அவர்களே அனுப்புவார்கள். இறப்புக்கான காரணச் சான்றையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் அன்றே வாங்குங்கள், பெயர் எழுத்து ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இறந்தால் கிராமத்தில் விஏஓவிடம் 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதுவரை கட்டணமில்லை. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. வாசலில் நிற்கும் தனியார் வண்டிக்காரர் கேட்கும் தொகையைக் கொடுப்பதற்கு முன் அதற்கு ஒரு போன் செய்யுங்கள்.

10. இன்றைக்கே எழுதி வைக்க வேண்டிய ஆவணம்

மேலே சொன்ன பாதிச் சிரமம் இது இருந்தால் குறையும். சொத்து உயில் மாதிரி இது சிகிச்சைக்கான உயில், முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம். 18 வயது நிறைந்த, தெளிவான புத்தியுள்ள யாரும் எழுதலாம். யார் வற்புறுத்தலும் இருக்கக் கூடாது.

வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும். தீர்ப்பு முத்திரைத்தாள் கேட்கவில்லை. இவை கட்டாயம் இருக்கட்டும்: எந்த நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பது, பின்விளைவு தெரிந்தே எழுதுகிறேன் என்பது, எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம் என்பது, உங்களால் பேச முடியாதபோது யார் பேசுவார் என்பது. ஒருவருக்கு மேற்பட்ட பெயரையும் தரலாம். இரண்டு பெயர் போடுங்கள், ஒருவர் வெளியூரில் இருக்கும்போதுதான் எல்லாம் நடக்கும்.

"என்னைக் கஷ்டப்படுத்தாதீங்க" என்று மட்டும் எழுதினால் டாக்டருக்கு உதவாது. அம்மா எழுதியது இப்படி: "குணமாகாத நோய் முற்றி, எனக்கு நினைவு திரும்பாது என்று டாக்டர்கள் உறுதி செய்தால், வென்டிலேட்டர், டயாலிசிஸ், நெஞ்சை அழுத்துவது வேண்டாம். வலிக்கு மருந்து கட்டாயம் வேண்டும். குணமாகக்கூடிய நோய்க்கு எல்லாச் சிகிச்சையும் வேண்டும்." கடைசி வரியை நான் சொல்லித்தான் சேர்த்தார். அது இல்லாவிட்டால் சாதாரண நிமோனியாவுக்கே ஒருவர் தயங்கக்கூடும்.

இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்து. சொத்தில் பங்கில்லாத வெளியாட்களாக இருந்தால் நல்லது. பிறகு நோட்டரியிடமோ, பச்சை மையில் கையெழுத்துப் போடும் கெஜட் அதிகாரியிடமோ சான்றொப்பம். 2023-க்கு முன் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்தது, இப்போது தேவையில்லை. பாலக்கோட்டில் நோட்டரிக்கு 500 ரூபாய் கொடுத்தோம், ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. அரசு மருத்துவரோ அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரோ தெரிந்தவர் என்றால் அவரிடமே சான்றொப்பம் வாங்கலாம், அந்தச் செலவும் வேண்டாம்.

நகல்கள்: பெயர் குறிப்பிட்டவர்களுக்கு ஒவ்வொன்று, வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கு ஒன்று, உள்ளாட்சிக்கு ஒன்று. ஊராட்சியில் செயலரிடம், நகராட்சி, மாநகராட்சியில் ஆணையர் அலுவலகத்தில். அங்கே வைத்திருக்கும் நகலையோ, நோயாளியின் டிஜிட்டல் மருத்துவப் பதிவு இருந்தால் அதையோ பார்த்து ஆவணம் உண்மையானதா என்று ஆஸ்பத்திரி சரிபார்க்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் "இதை எந்த ரிஜிஸ்டர்ல வைக்கறது?" என்று கேட்டு வாங்க மறுத்தார்கள். வாக்குவாதம் செய்யாமல் முகப்புக் கடிதத்தோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். ரசீது ஆவணத்தோடு பின் அடித்திருக்கிறது.

அசலை பீரோ லாக்கரில் வைக்காதீர்கள், அவசரத்தில் சாவி கிடைக்காது. அம்மா ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே அதையும் வைத்திருக்கிறார், மேலே காப்பீட்டு அட்டை, அடியில் இது. ஆஸ்பத்திரிக்கு எப்போது கிளம்பினாலும் நாங்கள் முதலில் எடுக்கும் கவர் அதுதான்.